எந்த வீட்டுக்குள் வைப்பது?

பண்டாரவளையிலிருந்து இறங்கி வரும் பாதையும் வெலிமடையிலிருந்து வரும் பாதையும் ஹாலிஎலயில் கூடி, ஒரே பாதையாகப் பதுளைக்குப் போகின்றன. வெசாக் வந்தால் இந்தச் சந்தியில் கூடுகள் ஒளிரும். தன்சல் வரிசையில் தோட்டத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். மாசி பிறந்தால் மேலே மலைகளில் காமன் கம்பம் ஊன்றி இரவிரவாகத் தப்பு முழங்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் பௌத்தர்கள், ஐந்தில் ஒரு பங்கினர் இந்துக்கள், மிச்சம் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்.

இப்படிப்பட்ட ஊர்களில் சமயங்கள் எப்படி ஒத்துப்போவது என்ற கேள்விக்குப் படித்தவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கொழும்புக் கருத்தரங்குகளில் அது ஒலிக்கிறது. பல்கலைக்கழகம் போய்த் திரும்பும் மலையக இளைஞர்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். மதம் அவரவர் சொந்த விஷயம், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும், வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அரசியலுக்கும் அது வரக் கூடாது, அதுதான் மதச்சார்பின்மை என்பது அந்தப் பதில்.

இதைச் சொல்பவர்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்ததை மறக்காதவர்கள் அவர்கள். 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையைப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் குண்டு வெடித்ததையும், அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் உடைக்கப்பட்டதையும் பார்த்தார்கள். சாமியை வெளியே விட்டால் இரத்தம் சிந்துகிறது, ஆகவே கதவைப் பூட்டுவோம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அக்கறையால்தான். ஆனாலும் அந்த முடிவு பிழை. மலையகத்தைப் பொறுத்தவரை அது அநியாயமும்கூட.

முதலில் ஒரு நேரடிக் கேள்வி. மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்கிறார்களே, எந்த வீட்டோடு?

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பரா. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அதே அறையில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அந்தக் காம்பராவும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. துரைகள் மாறினார்கள், கம்பெனிகள் மாறின. லயத்தில் நாலைந்து தலைமுறையாகக் குடியிருப்பவரின் பெயர் எந்த உறுதியிலும் ஏறவில்லை. 'தனிப்பட்ட வாழ்க்கை', 'பொது வாழ்க்கை' என்று இரண்டாகப் பிரித்து, சமயத்தை முதலாவதில் போடச் சொல்பவர், பூட்டித் திறக்கத் தனக்கென ஒரு கதவு உள்ளவர். தோட்டத்தில் அப்படியொரு கதவு கிடையாது. பீலிக்கரையிலும் பெரட்டுக் களத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் தோட்டத்தாரின் வாழ்வு எப்போதும் பலர் நடுவேதான் நடந்துவந்திருக்கிறது. அவர்களின் சாமியும் அங்கேதான் இருந்தது.

தோட்டக்கோயில்களின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி கட்டியது ஆலை, பங்களா, ஆபீஸ், லயம். கோயிலைக் கட்டியது தோட்டத்து மக்கள். தொடக்கத்தில் ஒரு மரத்தடி, ஒரு கல், ஒரு சூலம், பிறகு தகரக் கூரை, பிறகு சீமெந்து. பல தோட்டங்களில் அதற்கான காசு மாதாமாதம் செக்ரோலில் பிடிக்கப்பட்டது. கொழுந்துக் கூடையின் கனம் அந்தக் கோபுரத்தில் இருக்கிறது. தெய்வங்களும் தொழிலோடு ஒட்டியே பிறந்தன. தேயிலை ஆலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி வந்தார். கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் கும்பிடக் கவ்வாத்துச் சாமி வந்தார். கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரமும் காலை வெட்டிவிடும் கத்தியும் உள்ள வேலைத்தலத்தில், பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றும் இல்லாத காலத்தில், அந்த வழிபாடு தொழிலாளி தன் உயிருக்காகக் கேட்ட காவல். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆகமக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்து, முனியை மூலையில் தள்ளியவர்களும் உண்டு. இரு சாராரும் அந்தச் சாமி எதற்காக வந்தார் என்று கேட்கவில்லை.

அதே கோயில் முற்றத்தில்தான் தொழிற்சங்கக் கூட்டமும் நடந்தது. தலைவர் பேசியதும், வேலை நிறுத்தம் முடிவானதும், சண்டை பிடித்த இரண்டு குடும்பங்களை உட்கார வைத்து ஞாயம் தீர்த்ததும் அங்கேதான். தீபாவளி முற்பணம் எத்தனை ரூபாய் என்பது ஒவ்வொரு வருடமும் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தைப் பொருள். கூலிக் கேள்வி பண்டிகை நாட்காட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் எது சமயம், எது அரசியல் என்று கத்தரிக்கோல் போடுவது? கோயிலை வீட்டுக்குள் அனுப்பினால் தோட்டத்தாரின் ஒரே மண்டபமும் ஒரே சபையும் சேர்ந்து உள்ளே போய்விடும். வெளியில் மிஞ்சுவது ஆபீஸும் பங்களாவும்.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. பிழைத்தவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். உடல் இல்லாத சாவுக்குச் சடங்கு செய்ய வேண்டியிருந்தது. ஒப்பாரி வீதியோரத்தில் எழுந்தது, கிரியை மண்மேட்டைப் பார்த்தபடி நடந்தது, அயலூர்ச் சிங்களவரும் முஸ்லிம்களும் சோற்றுப் பொதியோடு வந்து நின்றார்கள். அந்த ஒப்பாரியை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கு வாய் வரும்? வீடே மண்ணுக்குள் கிடந்தது.

இரண்டாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அரசியலமைப்பில் மதச்சார்பற்ற வாசகம் இருந்தால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புபவர்கள், இந்த நாடு ஒருமுறை அப்படித்தான் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. 1947இன் சோல்பரி அரசியலமைப்பு எந்த மதத்துக்கும் முதலிடம் தரவில்லை. அதன் 29ஆம் பிரிவு, எந்தச் சமயத்தின் சுதந்திர அனுசரிப்பையும் தடுக்கும் சட்டம் இயற்ற முடியாது என்றது. ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மற்றவர்க்கு இல்லாத இடைஞ்சலை ஏற்படுத்தும் சட்டமும் செல்லாது என்றது. படித்தால் பளிங்கு போன்ற வாசகம். அந்த வாசகம் நடைமுறையில் இருக்கும்போதே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 லட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள்; அடுத்த ஆண்டு வாக்கும் போனது. அந்தச் சட்டத்தில் 'தமிழர்' என்றோ 'இந்து' என்றோ ஒரு சொல் இல்லை. தகப்பன் பிறந்த இடம், பாட்டன் பிறந்த இடம், அதற்கான அத்தாட்சி என்று மட்டும் கேட்டது. 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிக்க ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு, 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

ஆகவே வாசகத்தில் மதச்சார்பின்மை இருந்தும் மலையகத்தாரை அது காக்கவில்லை. 1972 அரசியலமைப்பு அந்த 29ஆம் பிரிவையே கைவிட்டு பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்தபோது, இருந்த கவசமும் போனது என்பது உண்மை. அந்த இழப்பைச் சிறிதாக்கத் தேவையில்லை. ஆனால் நாடற்றவராகி ஊவாத் தோட்டங்களிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் தெரியும். சமயத்தின் பெயரையே எடுக்காத சட்டமும் ஒரு சமூகத்தை வேரோடு பிடுங்கும். அரசு சாமியைப் பற்றி என்ன பேசுகிறது என்பதைவிட, காணி, பிரசாவுரிமை, பாடசாலை, பொலிஸ் என்ற நான்கு இடங்களில் யாரை எப்படி நடத்துகிறது என்பதே மதச்சார்பின்மையின் உரைகல்.

அந்த இருண்ட ஆண்டுகளில் தோட்டத்தாருக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் என்று தேடினால், 'நம்பிக்கை என்றால் வகுப்புவாதம்' என்ற சூத்திரம் இன்னும் தடுமாறுகிறது. இடதுசாரிகள் பேசினார்கள், அது அவர்களின் பெருமை. அவர்களோடு நின்றவர்களில் துறவிகளும் பாதிரிமாரும் இருந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி, சிங்களக் கிராமத்தையும் தமிழ்த் தோட்டத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வாழ்நாள் முழுவதும் முயன்றார். நாடற்றவர் பிரச்சினையைத் தெற்கில் விடாமல் எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அதே 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானது. அதன் முதல் ஆயர் லியோ நாணாயக்கார, வசதியான கண்டி மறைமாவட்டத்தை விட்டு ஏழை ஊவாவுக்கு வந்தவர்.

அவரோடு பணியாற்றிய மைக்கேல் ரொட்ரிகோ அடிகளைத் தமிழ் வாசகர் அதிகம் அறிந்திருக்க மாட்டார்கள், அறிய வேண்டும். 1980இல் அவர் ஊவாவின் கீழ்நாட்டில், புத்தலப் பக்கத்துச் சிங்களப் பௌத்தக் கிராமம் ஒன்றில் 'சுபசெத் கெதர' என்று ஒரு குடிசை வீட்டை அமைத்துத் தங்கினார். யாரையும் மதம் மாற்றவில்லை. பிக்குமாரிடம் பௌத்தம் கேட்டார். கரும்புத் தோட்டத்துக்காகக் காணி இழந்த குடியானவர்களின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10 மாலை, அந்த வீட்டில் திருப்பலி நடந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய விசுவாசத்தை வீட்டோடு வைத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார். அப்படியிருந்தால் அந்தக் குடியானவர்களுக்கு யார் இருந்திருப்பார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொருவர் மகியங்கனைப் பிரதேச சபை உறுப்பினராக இருந்த வட்டரெக்க விஜித தேரர். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரம் உச்சத்தில் இருந்தபோது, காவியுடையோடு அதை எதிர்த்தார். 2014இல் அவருடைய ஊடகச் சந்திப்புக்குள் பொது பல சேனாவினர் புகுந்தார்கள். அளுத்கம வன்முறை நடந்த சில நாட்களில் பாணந்துறைக்கு அருகே கைகால் கட்டப்பட்டுத் தாக்கப்பட்ட நிலையில் அவர் கண்டெடுக்கப்பட்டார். பிறகு பொய்முறைப்பாடு செய்தார் என்று அவரையே கைது செய்தார்கள். அவர் முஸ்லிம்களுக்காக நின்றது பௌத்தத்தை மீறி அல்ல. பௌத்தம் தன்னிடம் அதைக் கேட்கிறது என்று நம்பியே நின்றார். வீட்டோடு வை என்ற விதியைக் கறாராகப் போட்டால் முதலில் வாய் மூடுபவர்கள் இந்தத் தேரரும் அந்தப் பாதிரியாரும்தான். வெறுப்பைப் பரப்புபவர் அந்த விதியை ஒருநாளும் மதித்ததில்லை.

இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். 'பாருங்கள், நம்பிக்கைதான் மனிதரைச் சேர்க்கிறது. கதிர்காமத்தில் எல்லோரும் ஒன்றாகக் கும்பிடவில்லையா? பிறகெதற்கு மதச்சார்பின்மை? அது மேல்நாட்டுச் சரக்கு' என்று. வீட்டோடு வைக்கச் சொல்பவர்களுக்கு இவர்கள் பரம எதிரிகள். ஆனால் இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. மதச்சார்பின்மை என்றால் சாமிக்குப் பகை என்று இருவருமே எண்ணுகிறார்கள். ஒருவர் அந்தப் பகையை விரும்புகிறார், மற்றவர் அஞ்சுகிறார்.

கதிர்காமமும் ஊவாவில்தான் இருக்கிறது. தமிழருக்கு அவர் முருகன், சிங்களவருக்குக் கதரகம தெய்யோ. வேடர் சமூகம் வள்ளியைத் தங்கள் குலப்பெண் என்கிறது. எட்டும் தூரத்தில் கிரி விகாரை. அருகே கிழுறு நபியின் பெயர் விளங்கும் பள்ளிவாசல், அங்கும் திருவிழாக் காலத்தில் கொடியேறுகிறது. தோட்டங்களிலிருந்து நேர்த்திக்கடன் சுமந்து நடந்து போகும் குடும்பங்களுக்கு இதில் ஒன்றும் முரணாகத் தெரிவதில்லை. மூலஸ்தானத்தில் திரைக்குப் பின்னே வாய்கட்டிப் பூசை செய்பவர் சிங்களக் கப்புறாளை. திரைக்கு முன்னே அரோகரா. உலகில் எத்தனை இடத்தில் இப்படி ஒரு காட்சி உண்டு?

அந்த ஒற்றுமைக்கு மறுபக்கமும் உண்டு. மகா தேவாலயத்தின் சொத்தும் நிர்வாகமும் 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை, தேவாலயச் சொத்துகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. பொறுப்பாளர் பஸ்நாயக்க நிலமே. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1978இல் வெளியிட்ட ஆய்வு, கதிர்காமத் தீமிதிப்பு தமிழர் கையிலிருந்து சிங்களவர் கைக்கு எப்படி மாறியது என்பதை விவரிக்கிறது. காவடி எடுக்கத் தடையில்லை, அலகு குத்தத் தடையில்லை, உண்டியலில் போடத் தடையில்லை. நிர்வாக மேசையில் மட்டும் நாற்காலி இல்லை. சேர்ந்து கும்பிடுவதும் சமமாக இருப்பதும் இரண்டு வேறு சங்கதிகள். முதலாவதைப் பக்தி தரும். இரண்டாவதைத் தருவதற்குச் சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்தை நடத்துகிற அரசு எல்லாப் பக்தருக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இன்றைய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்து, புத்த சாசனத்தைக் காத்து வளர்ப்பதை அரசின் கடமையாக்குகிறது. அதே மூச்சில் 10, 14(1)(உ) உறுப்புரைகளின் சமய சுதந்திர உரிமைகளை எல்லாச் சமயங்களுக்கும் உறுதி சொல்கிறது. இது யாருக்கும் தீங்கில்லாத மரியாதை வாசகம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இந்த வாசகத்துக்குப் பின்னாலுள்ள மனக்குறை பொய்யல்ல. 1815 கண்டி உடன்படிக்கையில் பௌத்தத்தைக் காப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்ட ஆங்கிலேயர், அந்தச் சொல்லைச் சில பத்தாண்டுகளிலேயே கைவிட்டார்கள். 1818இல் கிளர்ச்சியை அடக்க ஊவாவை எரித்தவர்களும் அவர்களே. அந்த வடு ஊவாவின் சிங்களக் கிராமங்களில் ஆறவில்லை. தோட்டத் தமிழர் அதை விளங்கிக்கொள்ளாமல் அயலவரோடு பேச முடியாது.

ஆனால் மரியாதை வாசகம் தீங்கு செய்யாது என்பதை ஏற்க முடியாது. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டரீதியாகப் பதிவு செய்யும் மசோதா வந்தபோது, சமயத்தைப் பரப்பும் நோக்கமுள்ள அமைப்பைக் கூட்டிணைப்பது 9ஆம் உறுப்புரைக்கு ஒவ்வாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அந்தக் கன்னியரின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. 2008இல் ஓர் அமைச்சின் சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. சட்டமன்றம் இயற்றாத அந்தக் காகிதத்தைக் காட்டிப் பல ஊர்களில் சிறு சபைகளின் கதவுகள் மூடப்பட்டன.

எல்லாவற்றிலும் கொடியது 2020இல் நடந்தது. கோவிட் தொற்றால் இறந்தவரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், இலங்கையில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் கெடும் என்று அறிவியலின் பெயரில் காரணம் சொல்லப்பட்டது. பச்சிளம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாசல் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்களில் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் விதி நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்த ஒரு சம்பவம் இரண்டு வாதங்களையும் ஒருசேரக் கவிழ்க்கிறது. முதன்மைத் தானம் யாருக்கும் இடைஞ்சல் தராது என்பவர்கள் அந்தத் தாய்தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். வீட்டோடு வைத்துக்கொள் என்பவர்களும் யோசிக்கட்டும். அடக்கம் வீட்டுக்குள் நடக்கிற காரியமா? அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், சுகாதார அதிகாரியின் கையொப்பம் வேண்டும், மையவாடி வேண்டும், வீதி வேண்டும். பிறப்பும் கலியாணமும் சாவும் அரசின் பதிவேட்டையும் சமயத்தின் சடங்கையும் ஒன்றாகவே தொட்டுக்கொண்டு போகின்றன. ஜனாஸாவைச் சொந்த விஷயம் என்று ஒதுக்குகிற அரசு நடுநிலையில் நிற்கவில்லை. இறந்தவரை அவருடைய சமயப்படி மண்ணில் வைக்க இடம் விடுகிற அரசுதான் நடுநிலை அரசு.

நடுநிலையைத் தொட்டுக் காட்டிய நேரங்களும் இந்த நாட்டில் உண்டு. 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா இலங்கையை ஒரு மதச்சார்பற்ற அரசு என்றே குறிப்பிட்டார். இறைமை சமயப் பிரிவு பாராமல் மக்கள் எல்லாருக்கும் பொதுவானது என்று அதற்குக் காரணம் காட்டினார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற கட்டுப்பாடு விகாரைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒன்றுதான். யாரையும் கும்பிட வேண்டாம் என்று அந்தத் தீர்ப்புச் சொல்லவில்லை. தூங்குகிறவரின் காதுக்கும் உரிமை உண்டு என்றது.

குற்றத்தை முழுக்க அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுத் தமிழர் ஒதுங்கவும் முடியாது. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எழுந்த எதிர்ப்பு, பெரும்பான்மைவாதம் எண்ணிக்கையைப் பொறுத்து இடம் மாறும் என்பதைக் காட்டியது. தோட்டக்கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு, தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்று இன்றும் சாதி பார்க்கும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தது அதைவிடப் பெரிய பாடம். உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று கேட்டவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிப் பக்தர்கள். அவர்களோடு நின்று அடிபட்டவர்கள் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தார். அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் கடவுள் நம்பிக்கையில்லாத கம்யூனிஸ்டுகள். வாசலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியானார்.

அங்கே அரசின் சட்டம் கோயில் வாசலுக்கு வந்தது. வந்ததால் பக்தி குறையவில்லை, அதிகமான பேர் உள்ளே போனார்கள். மதம் தனிப்பட்ட விஷயம், அரசு தலையிடக் கூடாது என்ற வாதத்தை அன்று உரத்துச் சொன்னவர்கள் கதவை மறித்தவர்களே என்பதை, இன்று அதே வாக்கியத்தை முற்போக்காக எண்ணிச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் காட்டுபவர்கள் பிரான்சைக் கொண்டுவருவார்கள். 1905இல் திருச்சபையையும் அரசையும் பிரித்த நாடு. 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியைத் தடை செய்த நாடு. அதே பிரான்சில் 1905க்கு முன் கட்டிய ஆலயங்கள் பெரும்பாலும் அரசுக்கோ ஊராட்சிக்கோ சொந்தம், அவற்றைப் பேணுவதும் பொதுப் பணம். அல்சாஸ், மொசெல் பகுதிகளில் குருமாருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. கத்தரித்த துண்டு அங்கேயே ஒழுங்காக வரவில்லை. அதைவிட நமக்கு நெருக்கமானது கேரளத்தில் நடந்தது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, தங்கள் விசுவாசம் இடந்தரவில்லை என்று பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வெளியேற்றியது. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சிறு கூட்டத்தின் நம்பிக்கை பெரும்பான்மைக்கு விநோதமாகத் தெரிந்தாலும் அரசு அதற்கு இடம்விட வேண்டும் என்பதே அதன் சாரம்.

பாடசாலைக் கேள்வியும் இதோடு சேர்ந்தது. இலங்கையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் பாடமாகப் படிக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயப் பாடமாக இருந்துவந்திருக்கிறது. மணி அடித்ததும் சைவநெறி ஒரு வகுப்புக்கு, கத்தோலிக்கம் இன்னொரு வகுப்புக்கு, இஸ்லாம் மரத்தடிக்கு என்று பிள்ளைகள் பிரிகிறார்கள். அந்தப் பாடத்தையே எடுத்துவிடுங்கள் என்கிறது வீட்டோடு வைக்கும் கட்சி. எடுத்துவிட்டால் வசதியுள்ள பிள்ளைக்கு அறநெறி வகுப்பும் புத்தகமும் கிடைக்கும், லயத்துப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. பதினொரு வருடம் ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள், அடுத்தவன் ஏன் நோன்பு பிடிக்கிறான், போயா நாளில் அவள் ஏன் வெள்ளை உடுத்துகிறாள், காமன் ஏன் எரிகிறான் என்று தெரியாமல் வெளியே போவதுதான் உண்மையான குறை. பாடத்தை வைத்துக்கொண்டே, வாரத்தில் ஒரு வேளையாவது எல்லாரும் எல்லாருடைய சமயத்தையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யலாம். பதுளை மாவட்டத்தில் பௌத்தம் சொல்லித்தர விகாரை தூரமில்லை, இஸ்லாம் சொல்லித்தரப் பள்ளிவாசல் தூரமில்லை.

நாட்காட்டியிலும் இந்த நாடு ஒரு பாடம் படித்திருக்கிறது. 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயாவை வார விடுமுறையாக்கினார்கள். சந்திரன் ஏழு நாள் கணக்குக்கு அடங்கவில்லை. வணிகமும் துறைமுகமும் தத்தளித்தன. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமி விடுமுறை மட்டும் நின்றது. இன்று தைப்பொங்கல், மகா சிவராத்திரி, நபிகள் பிறந்த தினம், பெரிய வெள்ளி, தீபாவளி, நத்தார் எல்லாம் பொது விடுமுறை. பல நாடுகள் செய்யாததை இந்த நாடு செய்திருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தனியார் துறைக்கான வர்த்தக விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இல்லை. அரச அலுவலகத்தில் இருப்பவருக்கு உள்ள பண்டிகை, கடையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு முதலாளியின் மனதைப் பொறுத்தது. மதச்சார்பின்மைக்காகப் போராட விரும்பும் இளைஞர் தொடங்கக்கூடிய இடம் இது. தன் பாட்டியின் திருநீற்றோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இப்போது தோட்டக் குடும்பங்களுக்குக் காணி என்று பேச்சு நடக்கிறது. ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று ஒவ்வொரு அரசும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. சில இடங்களில் வீடுகள் எழும்பியிருக்கின்றன, சிலரின் கையில் உறுதியும் வந்திருக்கிறது. குடும்பங்கள் லயத்தை விட்டுப் புதிய வீட்டுத் திட்டங்களுக்குப் போகும்போது, பழைய லயத்தடியில் அவர்கள் கட்டிய கோயிலும், அதன் பக்கத்துச் சிறு மாதா கோயிலும், தோட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் தொழும் அறையும், எல்லாரையும் புதைத்த மயானமும் கம்பெனிக் குத்தகை நிலத்திலேயே இருக்கின்றன. நில அளவையாளர் சங்கிலி பிடிக்க வரும் நாளில் ஹாலிஎலப் பிரதேச செயலகத்தின் வரைபடத்தில் அந்த நாலு துண்டு நிலமும் யார் பெயரில் எழுதப்படும் என்று, சமயம் வீட்டோடு இருக்கட்டும் என்பவர்களும் நாடே ஒரு சமயத்தின் வீடு என்பவர்களும் இன்னும் கேட்கவில்லை. தோட்டத்தில் கோயில் கமிட்டித் தலைவர்கள் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் இது.